பிசிஎல்11ஏ

பிசிஎல்11ஏ என்பது மனிதரின் 2ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. அதிலிருந்து உருவாகும் துத்தநாக விரல் வகைப் படியெடுப்புக் காரணிக்கும் அதே பெயர்தான். பிற மரபணுக்களின் வெளிப்பாட்டை அடக்குவது இப்புரதத்தின் முதன்மையான வேலை. பி நிணநீர் செல்களின் உருவாக்கம், மூளை வளர்ச்சி, சிவப்பணுக்களில் கருக்கால ஈமோகுளோபின் உற்பத்தியை நிறுத்துவது ஆகிய மூன்றிலும் இதற்குப் பங்கு உண்டு. டிஎன்ஏயைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் உருவாகி உலகில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற சிகிச்சை இந்த மரபணுவையே குறிவைக்கிறது.

மரபணுவும் புரதமும்

இம்மரபணு 2ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், 16.1 என்று எண்ணிடப்பட்ட பட்டையில் உள்ளது. நீளம் ஏறத்தாழ ஒரு லட்சம் கார இணைகள். ஒரே மரபணுவின் ஆர்என்ஏ வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டப்படுவதால் பல அளவுகளில் புரதம் கிடைக்கிறது. அவற்றில் மிக நீளமான எக்ஸ்எல் வடிவம் 835 அமினோ அமிலங்கள் கொண்டது. வயது வந்தோரின் சிவப்பணு முன்னோடிச் செல்களில் முக்கியமாகச் செயல்படுவது இவ்வடிவமே.

துத்தநாக விரல் என்பது ஏறத்தாழ 30 அமினோ அமிலங்களாலான சிறு மடிப்பு. இரண்டு சிஸ்டீன்களும் இரண்டு ஹிஸ்டிடின்களும் ஒரு துத்தநாக அயனியைப் பற்றிக்கொள்வதால் மடிப்பு குலையாமல் நிற்கிறது. அதன் ஒரு பக்கம் டிஎன்ஏயின் பள்ளத்தில் பொருந்தி, குறிப்பிட்ட கார வரிசையை இனம் காண்கிறது. எக்ஸ்எல் வடிவத்தில் இத்தகைய விரல்கள் ஆறு உள்ளன. கடைசி மூன்றும் டிஎன்ஏயைப் பற்றுவதற்கு இன்றியமையாதவை. புரதத்தின் தொடக்க முனையில் சற்று வேறுபட்ட இன்னொரு துத்தநாக விரலும் உண்டு. பிசிஎல்11ஏ மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைய அது உதவுகிறது. டிஎன்ஏயில் அமர்ந்தபின் இப்புரதம் நியூஆர்டி முதலான குரோமாட்டின் மாற்றக் கூட்டமைப்புகளை அங்கே வரவழைத்து, அருகிலுள்ள மரபணுவை முடக்குகிறது.

கண்டறியப்பட்ட வரலாறு

எலிகளில் இதற்கு இணையான மரபணு, ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ரெட்ரோவைரஸ்கள் வந்து நுழையும் இடங்களுள் ஒன்றாக முதலில் அறியப்பட்டது. 2001இல், சில பி செல் புற்றுநோய்களில் 2ஆம், 14ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் மனித மரபணு கட்டுப்பாடின்றி வெளிப்படுவது தெரியவந்தது. பி செல் லிம்ஃபோமா என்பதன் சுருக்கம் பெயரில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம். 2003இல் இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தபோது அவற்றில் பி செல்கள் உருவாகவில்லை. அவை பிறந்தவுடன் இறந்தன.

ஈமோகுளோபினுடன் இதற்குள்ள தொடர்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. 2007, 2008 ஆண்டுகளில், வயது வந்த பின்னும் கருக்கால ஈமோகுளோபின் சிலருக்குக் கூடுதலாக இருப்பது ஏன் என்று மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய ஆய்வுகள் நடந்தன. ஐரோப்பிய இரட்டையர்களிலும் சார்டீனியத் தீவு மக்களிலும் தேடியபோது, எதிர்பாராத வகையில் பிசிஎல்11ஏ தட்டுப்பட்டது. 2008இல் பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர், சிவப்பணு முன்னோடிச் செல்களில் இப்புரதத்தைக் குறைத்தால் கருக்கால ஈமோகுளோபின் உயர்கிறது என்று காட்டினர்.

ஈமோகுளோபின் மாற்றத்தில் பங்கு

கருவிலுள்ள குழந்தையின் ஈமோகுளோபினில் இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு காமா சங்கிலிகளும் இருக்கும். பிறந்த சில மாதங்களில் காமாவின் இடத்தைப் பீட்டா பிடிக்கிறது. பெரியவர்களில் கருக்கால வகை பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே சென்றுவிடும். காமா மரபணுவின் தொடக்கப் புள்ளிக்கு 115 காரங்கள் முன்னால் உள்ள ஒரு சிறு வரிசையில் பிசிஎல்11ஏ நேரடியாக அமர்ந்து அதை அடக்குகிறது என்பது 2018இல் உறுதியானது. அந்த இடத்தில் பிறவியிலேயே மாற்றம் உள்ளவர்களுக்குக் கருக்கால ஈமோகுளோபின் வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. அதனால் அவர்களுக்குக் கேடு இல்லை.

அரிவாள் செல் நோயிலும் பீட்டா தலசீமியாவிலும் பழுது பீட்டா சங்கிலியில்தான் உள்ளது. எனவே காமா மீண்டும் உருவானால் அந்தக் குறை ஈடாகும். அரிவாள் ஈமோகுளோபின் இழைகளாகத் திரள்வதையும் கருக்கால வகை தடுக்கிறது. நோயுள்ள குழந்தைகள் முதல் சில மாதங்கள் அறிகுறியின்றி இருப்பதற்கு இதுவே காரணம் என்று அமெரிக்க மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948இலேயே கருதினார். 2011இல், அரிவாள் செல் நோயுள்ள எலிகளின் சிவப்பணு மரபில் பிசிஎல்11ஏயை நீக்கியபோது நோய்க்குறிகள் சீராயின.

சிவப்பணுவுக்கான மிகைப்படுத்தி

புரதத்தை உடல் முழுதும் நீக்குவது சிகிச்சையாகாது. பி செல்களுக்கும் மூளைக்கும் அது தேவை. இதற்கான வழி 2013இல் புலப்பட்டது. மரபணுவின் இரண்டாம் இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைப்பகுதியில்), சிவப்பணு மரபில் மட்டும் வேலை செய்யும் ஒரு மிகைப்படுத்திப் பகுதி, அதாவது மரபணு வெளிப்பாட்டைக் கூட்டும் டிஎன்ஏ வரிசை, இருப்பதை டேனியல் பாயர், ஆர்கின் குழுவினர் கண்டனர். அதைச் சிதைத்தால் சிவப்பணு முன்னோடிகளில் பிசிஎல்11ஏ குறைகிறது; பி செல்களில் அப்படியே இருக்கிறது. 2015இல் அப்பகுதியைக் கிரிஸ்பரால் அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்த்ததில், காட்டா1 என்ற மற்றொரு துத்தநாக விரல் காரணி அமரும் சிறு வரிசையே மிக முக்கியமானது என்று தெரிந்தது.

மரபணுச் சிகிச்சை

வெர்டெக்ஸ், கிரிஸ்பர் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனங்களின் காஸ்கெவி சிகிச்சை இந்த வரிசையையே வெட்டுகிறது. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, வெளியே திருத்தி, புசல்ஃபான் மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்தபின் திரும்பச் செலுத்துவார்கள். அரிவாள் செல் சோதனையில் மதிப்பிடத்தக்க 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து 12 மாதங்களாவது கடும் வலி நெருக்கடி வரவில்லை. பிரிட்டன் 2023 நவம்பரிலும் அமெரிக்கா அதே ஆண்டு டிசம்பரிலும் ஒப்புதல் தந்தன. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். புசல்ஃபான் மலட்டுத்தன்மையை உண்டாக்கக்கூடும் என்பதும், ஸ்டெம் செல் மாற்று வசதியுள்ள மருத்துவமனை தேவை என்பதும் இதன் வரம்புகள். அரிவாள் செல் நோய் மிகுதியாக உள்ள இந்தியா, ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளில் இவ்வரம்புகள் பெரிதாகவே நிற்கின்றன.

தொடர்புடைய பிற நோய்கள்

இம்மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று செயலிழந்தால் டயஸ்-லோகன் நோய்க்குறி ஏற்படுகிறது. 2016இல் விவரிக்கப்பட்ட இந்நிலையில் அறிவுத்திறன் குறைபாடும் பேச்சுத் தாமதமும் காணப்படும். கருக்கால ஈமோகுளோபினும் உயர்ந்திருக்கும். பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாத புதிய மரபணு மாற்றமே காரணம். மும்மறை மார்பகப் புற்றுநோயிலும் பிசிஎல்11ஏ மிகையாக வெளிப்படுகிறது. 14ஆம் குரோமோசோமிலுள்ள இதன் உறவு மரபணு பிசிஎல்11பி, டி செல்களின் உருவாக்கத்துக்கு இன்றியமையாதது.