உயாச்: மங்கோலியப் புல்வெளியின் குதிரைப் பயிற்றுநர்

மங்கோலியாவில் பந்தயக் குதிரைகளைப் பழக்குபவர் ‘உயாச்’ எனப்படுகிறார். ‘கட்டுதல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த இச்சொல்லே அவரது கலை இன்னதென்று உணர்த்திவிடுகிறது. வேலியற்ற புல்வெளியில் மந்தையோடு திரியும் குதிரையைப் பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகப் பிடித்துவந்து கட்டி, மேய்ச்சலையும் நீரையும் அளந்து கொடுத்து, போர்வை போர்த்தி ஓட்டி வியர்க்கச் செய்வதே அப்பயிற்சி. வழித்தெடுத்த வியர்வை கெட்டியாக உள்ளதா, தெளிந்து நீர்போல் வடிகிறதா என்பதையும் இலத்தியின் பதத்தையும் நாள்தோறும் நோக்கியே, வயிற்றுச் சுமை குறைந்து உடல் இறுகிவிட்டதை உயாச் கணிக்கிறார். கட்டு மிகுந்தால் குதிரை வாடும். குறைந்தால் பாதி வழியில் மூச்சிரைக்கும். பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகன் கற்கும் இவ்வறிவு, ஒருவரது வாழ்நாள் முழுவதையும் கேட்பது. வியர்வை வழிக்கும் ‘ஹுசூர்’ என்னும் கருவி மரத்தாலும் செய்யப்படும். எனினும் கூழைக்கடாவின் அலகால் ஆனதே உயர்ந்ததெனக் கருதி வேட்டையாடியதால், அந்நாட்டில் அப்பறவை அருகிப்போனது இக்கலையின் மீது படிந்த கறையாகும்.

மற்போர், வில்வித்தை, குதிரைப் பந்தயம் ஆகிய மூன்றும் சேர்ந்த ‘நாதாம்’ விழா, முன்பு ‘ஓவோ’ எனப்படும் புனிதக் கற்குவியல்களின் வழிபாட்டோடும் பௌத்தத் தலைமைக் குருவைப் போற்றும் கூடல்களோடும் இணைந்திருந்தது. 1921 புரட்சிக்குப் பின், மக்கள் அரசு அமைந்த ஜூலை 11-ஆம் நாளையொட்டிய அரசு விழாவாயிற்று. 1950களின் இறுதிக்குள் மேய்ப்பர் ஏறத்தாழ அனைவரும் கூட்டுப்பண்ணைகளுக்குள் கொண்டுவரப்பட்டு, மந்தைகளில் பெரும்பகுதி பொதுவுடைமையான காலத்திலும் உயாச்களின் அறிவு அழியவில்லை. 1990களில் கால்நடைகள் மீண்டும் தனியுடைமையானபோது அது புத்துயிர் பெற்றது. 2010-இல் யுனெஸ்கோவும் நாதாமைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பந்தயங்கள் குதிரையின் வயதுக்கேற்ப வகுக்கப்படுகின்றன: ‘தாக’ எனப்படும் இரண்டு வயதுக் குட்டிகள் 10 கிலோமீட்டருக்கு மேலும், முதிர்ந்தவை 25 கிலோமீட்டர் அளவிலும் திறந்த வெளியில் ஓடுகின்றன. எடை குறைவு என்பதற்காகச் சிறுவரும் சிறுமியருமே ஏறிச் செல்கின்றனர். தலைக்கவசமும் வயது வரம்பும் சட்டத்தில் வந்துவிட்டபோதிலும், விழுந்து காயமுறும் குழந்தைகள் இன்றும் உள்ளனர். மரபின் பெயரால் இதைப் பொறுத்துக்கொள்வது முறையன்று.

முதலில் வரும் ஐந்து குதிரைகள் ‘ஐராகின் ஐவர்’ எனப் பெயர் பெறுகின்றன. ஐராக் என்பது புளித்த குதிரைப்பால். அதை அவற்றின் மேல் தெளித்து வாழ்த்துப் பாடுவர். கடைசியாக வரும் இரண்டு வயதுக் குட்டிக்கும் ‘பயான் ஹோதோத்’, அதாவது ‘நிறைந்த வயிறு’, என்ற பெயரில் தனி வாழ்த்து உண்டு. அப்பாடலில் தோல்விக்கான பழி குட்டியின் மீது சுமத்தப்படுவதில்லை, அதை ஓட்டியவர் மீதும் பழக்கியவர் மீதுமே சுமத்தப்படுகிறது.