பாயில் தீட்டிய சிலுவை



சாந்தோம் என்னும் நம் ஊரின் பெயர் போர்த்துக்கீசியர் தந்தது. புனித தோமையாரைத் தம் மொழியில் அவர்கள் அழைத்த பெயரே அது. அவர்களுடைய கப்பற்பாய்களில் தீட்டப்பட்டிருந்த சிலுவையை இவ்வாரம் சிந்திப்போம்.

எருசலேம் திருப்பயணிகளைக் காக்கத் தோன்றிய கோவில் வீரர் சபை 1312-ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. போர்த்துக்கல் மன்னர் தினிஸின் வேண்டுதலின்படி, 1319-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் அதன் இடத்தில் 'கிறிஸ்துவின் சபை'யை நிறுவினார். அதன் உறுப்பினர் 'சகோதரர்' எனப்பட்டனர். பழைய சபையின் சிவப்புச் சிலுவை, நடுவே ஒரு வெண்சிலுவையுடன் புதிய சபையின் சின்னமாயிற்று. வெண்மை தூய வாழ்வுக்கும், சிவப்பு மறைசாட்சியர் சிந்திய இரத்தத்துக்கும் அடையாளம். ஆண்டுதோறும் ஜூலை 3-ஆம் நாள் தோமையார் விழாவில் குருக்கள் சிவப்பு நிறத் திருவுடை அணிவதும் இப்பொருளிலேயே.

1420 முதல் இளவரசர் என்றிக்கே இச்சபையை நிர்வகித்தார். அதன் வருவாய் கடற்பயணங்களுக்கு உதவியது. அதன் சிலுவையும் பாய்களில் ஏறியது. ஆயினும், வரலாற்றை நாம் மறைத்தலாகாது. 1502-இல் வாஸ்கோ ட காமா, மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலொன்றை மலபார்க் கடலில் தீயிட்டு அழித்தார். பெண்களும் அதில் மாண்டனர். தம் இரத்தத்தைத் தந்தவர்களின் நிறம், பிறர் இரத்தத்தைச் சிந்தியவர்களின் கொடியாயிற்று.

1523-இல் போர்த்துக்கீசியர் மயிலையில் தோமையாரின் கல்லறையைத் தோண்டினர். எலும்புகளோடு ஓர் ஈட்டிமுனையும் கிடைத்ததாக அவர்களே குறித்துவைத்தனர். பீரங்கியோடு வந்தவர்கள், படையின்றி வந்து ஈட்டியால் குத்துண்டு இறந்த திருத்தூதரின் முன் நின்றனர். சிவப்பின் பொருளை அக்கல்லறை அவர்களுக்கு உரைத்திருக்க வேண்டும்.

அன்பர்களே, நாமும் கழுத்திலும் வாகனத்திலும் வீட்டு வாசலிலும் சிலுவையைத் தாங்குகிறோம். மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் உறுப்பினராய் உள்ளோம். நம் சின்னத்தைக் காணும் அயலார், பிற சமயத்தவராயினும், அச்சமின்றி நம்மை அணுகுகின்றனரா? நம் சொல்லால் புண்பட்ட ஒருவர் இருப்பின், இவ்வாரமே அவரைத் தேடிச் செல்லுங்கள். உயிர்த்த ஆண்டவர் தோமையாருக்குத் தம் காயங்களையே அடையாளமாகக் காட்டினார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆண்டவரே, உம் சிலுவையை நாங்கள் பிறருக்குச் சுமையாக்காமல், நாங்களே சுமக்க அருள் தாரும். ஆமென்.