சில்லி வேண்டும், சில்லி விற்ற பெண்கள் வேண்டாம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்கு அதிகாரபூர்வ உணவு என்று ஒன்று உண்டு. 1977இல் அந்த மாநிலச் சட்டமன்றமே தீர்மானம் போட்டு அதை அறிவித்தது. பெயர் சில்லி கான் கார்னே. ஸ்பானிய மொழியில் 'கறி போட்ட மிளகாய்' என்று பொருள். மாட்டுக்கறி, காய்ந்த மிளகாய், சீரகம், பூண்டு, அவ்வளவுதான். இன்று அங்கே பல வீடுகளில் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் வாட்டிச் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சியதை மறுநாள் சில்லியாகக் கொதிக்கவைக்கிறார்கள்.

அந்த ஒரு பானைக்குள் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. ஒன்று மிளகாய்க் குழம்பின் வரலாறு, இன்னொன்று புகைக்கறியின் வரலாறு. இரண்டுமே அடித்தட்டு மக்களின் அடுப்பிலிருந்து வந்தவை. மாட்டுக்கறி அரசியலைப் பேசுகிற நாம் இந்த இரண்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கறி கொஞ்சம், மிளகாய் நிறைய

டெக்சஸ் மெக்சிகோவின் பகுதியாக இருந்த காலம் அது. 1828இல் சான் அன்டோனியோ நகரத்துக்கு வந்த ஜே.சி. குளோப்பர் என்ற பயணி, அங்கிருந்த ஏழைகளின் சாப்பாட்டைப் பற்றி எழுதிவைத்தார். காசு கொடுத்துக் கறி வாங்க வேண்டியிருந்தால் மிகக் கொஞ்சமாகத்தான் வாங்குவார்கள். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கறித்துண்டு எத்தனையோ கிட்டத்தட்ட அத்தனை மிளகாயும் போட்டு வேகவைப்பார்கள். ஒரு குடும்பமே அதில் சாப்பிட்டுவிடும்.

இது நமக்குப் புதிய விஷயமா? கால் கிலோ கறியில் எட்டுப் பேருக்குக் குழம்பு வைத்த அம்மாக்களின் பிள்ளைகள் நாம். காரம் ஏன் கூடுகிறது, குழம்பு ஏன் நீள்கிறது என்று யாரும் நமக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மிளகாயும் அந்த மண்ணிலிருந்துதான் நமக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதுவரை காரத்துக்கு மிளகை நம்பியிருந்த நாம், புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே கொடுத்து மிளகாய் என்றோம்.

சதுக்கத்துப் பெண்கள்

1845இல் டெக்சஸ் அமெரிக்காவுடன் இணைந்தது. சொந்த ஊரிலேயே மெக்சிக மக்கள் இரண்டாந்தரக் குடிகளானார்கள். 1877இல் சான் அன்டோனியோவுக்கு ரயில் வந்தது, ரயிலோடு சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். அப்போது நகரத்தின் மிலிட்டரி பிளாசா என்ற சதுக்கத்தில் பொழுது சாய்ந்ததும் ஒரு கூட்டம் சேரும். மெக்சிகப் பெண்கள் வீட்டில் சமைத்த சில்லியைப் பானையோடு வண்டியில் கொண்டுவந்து, விறகு மூட்டி, விளக்கேற்றி, மேசை போட்டு விற்பார்கள். கூலிக்காரர், சிப்பாய், வெள்ளைக்காரப் பயணி எல்லாரும் அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பத்திரிகைகள் அந்தப் பெண்களுக்குச் 'சில்லி ராணிகள்' என்று பெயர் வைத்தன.

ராணி என்று பெயர், ஆனால் நிற்க இடம் கிடையாது. 1890களின் தொடக்கத்தில் அதே சதுக்கத்தின் நடுவே நகராட்சிக் கட்டடம் எழுந்தது. பெண்கள் வேறு சதுக்கத்துக்குப் போனார்கள். பிறகு அங்கிருந்தும் போனார்கள்.

சில்லி மட்டும் வேறு திசையில் போனது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லி என்று கடை போட்டார்கள். அதே பத்தாண்டில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி மிளகாயையும் மசாலாவையும் அரைத்துப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். வணிக முத்திரை அவர் பெயரில் பதிவானது. பெண்களின் கைப்பக்குவம் தொழிற்சாலைப் பொருளாயிற்று.

1937இல் நகரச் சுகாதாரத் துறை சில்லிக் கடைகளை அகற்ற உத்தரவு போட்டது. ஈ மொய்க்கிறது, பாத்திரம் கழுவ வசதியில்லை என்று காரணம் சொன்னார்கள். 1939இல் மேயர் மோரி மேவரிக் திரும்ப அனுமதித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடைகள் நிரந்தரமாக மூடப்பட்டன.

சுகாதாரத்தின் மீது அவ்வளவு அக்கறை கொண்ட நகரத்தில் அதே காலத்தில் வேறென்ன நடந்தது? மெக்சிக மக்கள் வாழ்ந்த மேற்குப் பகுதியில் காசநோய் பரவிக் கிடந்தது. குடிநீரும் கழிவுநீர் வசதியும் இல்லாத குடிசைகள். பெக்கான் கொட்டை உடைக்கும் பட்டறைகளில் காற்றோட்டம் இல்லாமல் தூசிக்குள் பெண்கள் வேலை செய்தார்கள். 1938 ஜனவரி 31 அன்று, கூலிக் குறைப்பை எதிர்த்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் நின்ற எம்மா தெனாயுகாவுக்கு அப்போது வயது 21. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, நூற்றுக்கணக்கானோரைச் சிறையில் அடைத்தது. தெருவில் விற்ற பானையில் தெரிந்த அசுத்தம் பட்டறைத் தூசியில் மட்டும் ஏன் தெரியவில்லை? 'சுத்தம்' என்ற சொல் யாரை நோக்கி வீசப்படுகிறது என்று பார்க்கப் பழகிய நமக்கு இதற்குப் பதில் தெரியும்.

பிறகு 1967இல் டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் புகழ்பெற்ற முதல் சில்லிப் போட்டி நடந்தது. மோதிய இருவரும் வெள்ளைக்கார ஆண்கள், எழுத்துத் தொழிலில் இருந்தவர்கள். அடுத்த பத்தாண்டில் சட்டமன்றத் தீர்மானம். மெக்சிகோவின் மேட்டுக்குடிகளும் இந்த உணவைச் சொந்தம் கொண்டாடவில்லை. 1959இல் வந்த மெக்சிகச் சொல்லகராதி ஒன்று, மெக்சிக உணவென்று பொய்ப்பெயர் பூண்ட அருவருப்பான தின்பண்டம் என்று இதை ஏசியது. இரண்டு பக்கத்து மேலோரும் அந்தப் பெண்களைக் கைவிட்டார்கள்.

புகைக்கறி யாருடையது?

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுக்கறி. நார் நிறைந்தது, சட்டென்று வேகாது. ஆகவே ஒருகாலத்தில் மலிவு. 110 முதல் 120 டிகிரி வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் கிடந்தால்தான் அதன் நார் கரைந்து பஞ்சாகும். அவ்வளவு நேரம் தீயைக் காவல் காக்கும் வேலை தெற்கு மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் தலையில் விழுந்தது. 1865 ஜூன் 19 அன்று டெக்சஸில் விடுதலை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு முதல் அந்த நாளைக் கொண்டாடிய கறுப்பின மக்கள், எசமானுக்காகச் சுட்ட கறியைத் தங்களுக்காகச் சுட்டார்கள்.

மாடு மேய்த்த கவ்பாய்களில் நான்கில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாளர்களின் மதிப்பீடு. மெக்சிக மேய்ப்பர்களுக்குக் கூலியின் பகுதியாக மாட்டின் தலை, குடல், வயிற்றுப்புறச் சவ்வுக்கறி ஆகியவை தரப்பட்டன. தலையைத் துணியில் சுற்றிக் குழியில் புதைத்து இரவெல்லாம் வேகவைத்தார்கள். அதுதான் பார்பகோவா. சவ்வுக்கறியைத் தணலில் வாட்டினார்கள். அது ஃபஹீட்டா என்று உணவகத்துக்குப் போனதும் 1980களில் விலை ஏறி, ஏழைக்கு எட்டாமல் போயிற்று. குழியில் வேகும் பார்பகோவாவை விற்க இன்று சுகாதார விதிகள் இடம் தருவதில்லை. பிரௌன்ஸ்வில் ஊரில் ஒரு பழைய கடை, விதிக்கு முன்பே இருந்ததால் தப்பியிருக்கிறது. ஆஸ்டின் நகரத்திலோ பிரிஸ்கெட்டுக்கு மணிக்கணக்கில் வரிசை நிற்கிறது.

அடுப்படியில்

செய்முறை எளிது. காரம் குறைந்த காய்ந்த மிளகாயை (அங்கே ஆன்சோ, நமக்குக் காஷ்மீரி மிளகாய் பக்கத்தில் வரும்) விதை நீக்கி, வெறும் சட்டியில் வாட்டி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து விழுதாக அரைக்க வேண்டும். மாட்டுக் கொழுப்பில் வெங்காயம், பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம் வதக்கி, விழுதைக் கொட்டி எண்ணெய் பிரியும்வரை கிளற வேண்டும். துண்டுபோட்ட புகைக்கறியைச் சேர்த்து, தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் சிறுதீயில் விடலாம். கடைசியில் கொஞ்சம் சோளமாவு கரைத்தால் கெட்டிப்படும். உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், புகைக்கறியில் ஏற்கெனவே உப்பு இருக்கும்.

புகைப்போட வசதியில்லையா? நம் சேரிகளில் உப்புக்கண்டம் இருக்கிறது. கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைப்பது. மழைக்காலத்தில் விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகையே காயவைத்துவிடும். அதே மிளகாய் விழுதில் அதுவும் ஊறி வேகும்.

அங்கும் இங்கும்

ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டைத் தவறவிடக் கூடாது. டெக்சஸில் எசமானும் மாடுதான் தின்றான். அவனுக்குத் தொடைக்கறியும் முதுகுக்கறியும், உழைத்தவனுக்குத் தலையும் நெஞ்சும். ஏற்றத்தாழ்வு கறியின் வெட்டில் இருந்தது. அதனால் ஏழையின் உணவை எடுத்து மாநிலச் சின்னமாக்க அவர்களால் முடிந்தது. மனிதர்களை மட்டும் வெளியே நிறுத்தினால் போதும்.

இங்கே கோடு மாட்டின் குறுக்கே போகவில்லை, மாட்டைச் சுற்றியே போட்டார்கள். செத்த மாட்டைத் தூக்குவது நம் கடமை, அதைத் தின்பது நம் குற்றம். தோல் அவர்களுக்கு, தீட்டு நமக்கு. மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள்' நூலில் விரிவாக வாதிட்டார். படிக்காத தோழர்கள் அவசியம் படியுங்கள்.

இன்று நகரத்து உணவகப் பட்டியல்களில் மாட்டுக்கறி வறுவல் இடம்பிடித்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் தட்டில் இடம் கிடைத்ததும் விடுதலை வந்துவிட்டதாக நம்புகிறவர்கள் சான் அன்டோனியோவைப் பார்க்க வேண்டும். அங்கே உணவு மேலே போன அதே ஆண்டுகளில்தான் அதைச் சமைத்தவர்கள் தெருவிலிருந்து துரத்தப்பட்டார்கள். சதுக்கத்தில் விற்ற பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, மசாலாப் புட்டிக்காரரின் பெயர் கிடைக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, உப்புக்கண்டம் போடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கறி எங்கிருந்து வந்தது, யார் அறுத்தார்கள், எந்தப் பங்கு யாருக்குப் போனது, ஊர்த்தெரு வழியாக அதை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று எல்லாவற்றையும் கேளுங்கள். செய்முறையோடு அவர்கள் பெயரையும் எழுதிவையுங்கள்.