பக்கத்தின் கடைசியில் மிஞ்சிய இடம்

அச்சுக் கோக்கிறவனுக்குப் பக்கத்தின் கடைசியில் விழும் வெற்றிடம் எப்போதும் தலைவலிதான். கட்டுரை முக்கால் பக்கத்தில் முடிந்துவிடும். அடுத்ததை அங்கேயே தொடங்க முடியாது. ஈய எழுத்துக் காலத்தில் நாங்கள் ஒரு துணுக்கைத் தேடிப் போடுவோம். துணுக்கும் அகப்படாவிட்டால் பூ பிளாக் ஒன்றை எடுத்து வைத்துச் சட்டத்தை முடுக்கிவிடுவோம். அந்தப் பூவை யாரும் நின்று பார்க்கப் போவதில்லை என்று எங்களுக்கே தெரியும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழிலாளி அதே வெற்றிடத்தை எடுத்துக்கொண்டு, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலையை அங்கே செய்து வைத்தார். அவர் பெயர் தாமஸ் பியூவிக்.

1753இல் டைன் ஆற்றங்கரையில் செரிபர்ன் என்ற பண்ணை வீட்டில் பிறந்தவர். அப்பா குத்தகை நிலத்தில் விவசாயம் செய்தார். கூடவே சிறிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றையும் நடத்தினார். பையனுக்குப் படம் வரையச் சொல்லித்தர ஆள் இல்லை. ஓவியம் என்று அவர் அதுவரை பார்த்திருந்ததெல்லாம் ஓவிங்கம் தேவாலயத்தில் இருந்த அரசச் சின்னமும், ஊர்ச் சாராயக்கடைகளின் பெயர்ப்பலகைகளில் இருந்த கறுப்புக் காளை, வெள்ளைக் குதிரை, சால்மன் மீன் படங்களும்தான். பள்ளிப் புத்தகத்தின் ஓரமெல்லாம் நிரம்பியதும் தேவாலய வாசலில் பதித்த கல்லறைக் கற்களின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தார். அதுவும் போதாமல் வீட்டு அடுப்படித் தரையில் வரைந்தார்.

பதினான்கு வயதில், 1767இல், நியூகாசில் நகரத்தில் ரால்ஃப் பீல்பி என்ற செதுக்குக்காரரிடம் ஏழு வருஷத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அது கலைக்கூடம் அல்ல, பட்டறை. கதவில் மாட்டும் பெயர்த்தகடு, சவப்பெட்டித் தகடு, கடிகார முகப்பு, வெள்ளிப் பாத்திரத்தில் குடும்பச் சின்னம், கடைக்காரர்களின் பில் என்று எது வந்தாலும் செய்வார்கள். மரத்தில் செதுக்கும் வேலையை முதலாளி அவ்வளவாக விரும்பவில்லை. அதனால் அது பையன் கைக்கு வந்தது. சார்லஸ் ஹட்டன் எழுதிய அளவைக் கணித நூலுக்கான வரைபடங்கள்தான் அவருடைய ஆரம்ப மரவேலை.

இங்கே தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது புரியாமல் அந்தப் படங்கள் புரியாது. அந்தக் காலத்தில் நல்ல படம் வேண்டுமென்றால் செப்புத்தகடுதான். செப்புத்தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும். எழுத்தில் மை மேட்டில் நிற்கும். இரண்டையும் ஒரே அழுத்தத்தில் அச்சடிக்க முடியாது. படத்துக்குத் தனி உருளை இயந்திரம், தனித் தாள், தனிக் கூலி. மரக்கட்டையை எழுத்தோடு சேர்த்து அச்சடிக்கலாம்; ஆனால் பலகைவாக்கில் அறுத்த மரத்தில் கத்தியால் வெட்டிய படங்கள் முரடாக இருந்தன, நார் பிய்ந்தது, மெல்லிய கோடு நிற்கவில்லை.

பியூவிக் கையாண்டது பாக்ஸ் மரத்தின் குறுக்கு வெட்டு. மரத்தைப் பலகையாக நீளவாக்கில் அறுக்காமல் வட்டு வட்டாக அறுத்து, வெட்டுமுகத்தை வழவழப்பாகத் தேய்த்து, அதில் செப்புக்கான உளியைக் கொண்டு செதுக்குவது. அந்த முகத்தில் நார் எந்தப் பக்கமும் ஓடாது. உளி நினைத்த திசையில் போகும். இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை, அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று காட்டியவர் அவர்தான். செதுக்கிய கட்டையை எழுத்தின் உயரத்துக்குச் சரியாக அறுத்தால், அதுவும் எழுத்தும் ஒரே சட்டத்துக்குள் நிற்கும். ஒரே மை, ஒரே அழுத்தம்.

கட்டையில் செதுக்காமல் விட்ட இடமெல்லாம் கறுப்பாக விழும். ஆகையால் அவர் கறுப்புக் கோட்டை வரையவில்லை. இருட்டுக்குள்ளிருந்து வெளிச்சத்தை வெட்டி எடுத்தார். ஒரு கோழியின் கழுத்து இறகை அவர் படத்தில் பாருங்கள். ஒவ்வொரு இறகின் நுனியிலும் உளி நுழைந்த இடம் கூர்மை, நடுவில் அகலம், வெளியேறும் இடம் மறுபடி கூர்மை. கை எவ்வளவு அழுத்தியது, எங்கே தளர்த்தியது என்பதெல்லாம் தெரிகிறது. தூரத்து மலையும் மரமும் மங்கலாக விழ வேண்டும் என்றால், செதுக்குவதற்கு முன்பே கட்டையின் அந்தப் பகுதியை மயிரிழை அளவு சுரண்டித் தாழ்த்திவிடுவார். அங்கே அழுத்தம் குறையும், மை லேசாகப் படியும். பிளாக்கின் ஒரு மூலை சரியாக விழாவிட்டால் அடியில் காகிதத் துண்டு ஒட்டி ஏற்றிய கை என்னுடையது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் மரத்துக்குள்ளேயே முடித்துவிட்ட அந்த மனிதரின் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று எனக்குத் தெரியும்.

பாக்ஸ் மரம் பருமனாக வளராது. வட்டாக அறுத்தால் சின்னக் கட்டைதான் கிடைக்கும். படங்கள் சிறியதாக இருந்ததற்கு முதல் காரணம் இதுதான். பக்கத்தின் கடைசியில் அவர் வைத்த படங்கள் பெரும்பாலும் மூன்று அங்குல அகலத்துக்குள் அடங்கிவிடும்.

சிறு வயதில் அவர் படித்த ஒரு விலங்குப் புத்தகத்தின் படங்கள் மிக மோசமாக இருந்தன. பிள்ளைகளுக்கு இதைவிட நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே மனதில் விழுந்தது. 1785 நவம்பர் 15 அன்று, அப்பா இறந்த அதே நாளில், ஒட்டகப் படத்தோடு அந்த வேலையைத் தொடங்கினார். பகலில் பட்டறை வேலை. புத்தகத்துக்கான கட்டைகளை மாலையில்தான் செதுக்கினார். நாலுகால் விலங்குகளின் வரலாறு 1790இல் வந்தது. பிரிட்டிஷ் பறவைகள் இரண்டு தொகுதி: நிலப்பறவைகள் 1797, நீர்ப்பறவைகள் 1804. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு படம், கீழே விவரம். விவரம் முடிந்து இடம் மிஞ்சினால், அங்கே பறவைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குட்டிப்படம்.

ஒன்றில், ஒரு ஆள் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். பின்னால் பாலம் இருக்கிறது. ஆனால் பாலத்துக்குச் சுங்கம் கொடுக்க வேண்டும். அந்தக் காசை மிச்சப்படுத்த இறங்கியவனின் தொப்பி காற்றில் பறந்து தண்ணீரில் போகிறது. தொப்பியின் விலை சுங்கத்தைவிடப் பல மடங்கு. இன்னொன்றில், ஒரு குழந்தை குதிரைக்குட்டியின் வாலை எட்டி இழுக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் ஒதுக்குப்புறத்தில் ஒருவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். தாய் பதறி ஓடி வருகிறாள். அடுத்த நொடி என்ன நடக்கும் என்பதைப் பார்க்கிறவரே முடித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு மறக்க முடியாதவை இரண்டு. பனி மூடிய வீட்டு வாசலில் எலும்பும் தோலுமான ஒரு ஆடு, தின்ன எதுவும் இல்லாமல் பழைய விளக்குமாற்றைக் கடிக்கிறது, பக்கத்தில் குட்டி. மற்றதில், கட்டைக்கால் வைத்த பழைய சிப்பாய் ஒருவன் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க, பட்டினி கிடந்த நாய் அவனையே பார்க்கிறது. தூரத்தில் ஒரு பெரிய மாளிகை. பிரான்ஸோடு நடந்த போரைப் பியூவிக் தம் நினைவுக் குறிப்பில் கடுமையாகவே கண்டித்திருக்கிறார். பறவைப் புத்தகத்தில் அதை எழுத இடமில்லை. கட்டையில் செதுக்க இடம் இருந்தது.

இந்தப் படங்களை ஏன் போட்டார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். சிறுவர்கள் வேடிக்கைக்காகப் பக்கத்தைப் புரட்டட்டும், புரட்டும்போது இயற்கையைக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் வெறும் சிரிப்போடு விடாமல், வாழ்க்கையின் ஏதாவது ஓர் உண்மையையும் நல்வழியையும் அதற்குள் வைக்க வேண்டும் என்று நினைத்தார். வாடிக்கையாளர் கேட்காத வேலை இது. பெயர்த்தகடு கேட்டவருக்குப் பெயர்த்தகடு, பில் கேட்டவருக்குப் பில். மனதில் இருப்பதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த இடம் பக்கத்தின் அடி மட்டும்தான்.

எல்லாக் கட்டையும் அவர் கையால் செதுக்கியவை அல்ல. பட்டறையில் பழகிய ராபர்ட் ஜான்சன் சில படங்களுக்கு வண்ணத்தில் மூலம் வரைந்தார். லூக் கிளென்னல் நீர்ப்பறவைத் தொகுதியில் பலவற்றைச் செதுக்கினார். பட்டறை வேலை என்றால் அப்படித்தான். பியூவிக் காகிதத்தில் தீட்டிய குட்டி ஓவியங்கள் நியூகாசிலில் நார்தம்ப்ரியா இயற்கை வரலாற்றுச் சங்கத்திடம் இன்றும் இருக்கின்றன. அவற்றை அச்சோடு ஒப்பிட்டால், உளி பிடித்த பிறகு எவ்வளவு புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்பது தெரியும்.

1827இல் அமெரிக்கப் பறவை ஓவியர் ஆடுபான் அவரைத் தேடிப் போனார். எழுபது வயதைத் தாண்டிய பியூவிக் அப்போதும் ஒரு குட்டிப்படத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார்: இரவில் மரவேர்களையும் கிளைகளையும் ஆட்கள் என்று நினைத்துப் பயந்துபோன நாய். மறு வருஷம் நவம்பரில் இறந்தார். ஓவிங்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1847இல் வந்த ஜேன் அயர் நாவலின் தொடக்கத்தில், திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த அநாதைச் சிறுமி புரட்டுவது அவருடைய பறவைப் புத்தகத்தைத்தான்.

அவர் காட்டிய வழியில் மரச்செதுக்கு ஒரு பெருந்தொழிலாகிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளை நிரப்பியது. பெரிய படம் வேண்டுமென்றால் சின்னக் கட்டைகளைத் திருகாணியால் சேர்த்து, ஆளுக்கு ஒரு துண்டாகச் செதுக்கினார்கள். பிறகு புகைப்பட பிளாக் வந்தது. செதுக்குகிறவர்களுக்கு வேலை போயிற்று. எங்கள் காலத்து பிளாக் என்பது கட்டை மேல் ஆணியடித்த துத்தநாகத் தகடு. ஆஃப்செட் வந்தபோது அதுவும் போயிற்று, எடைக்குப் போட்டார்கள்.

பாக்ஸ் கட்டை சுலபத்தில் தேயாது. ஒரு செய்தித்தாளின் தலைப்புக்காகத் தாம் செதுக்கிய கட்டை ஒன்பது லட்சம் பிரதிக்கு மேல் தாங்கியது என்று பியூவிக் எழுதியிருக்கிறார். அவர் கட்டைகளில் பல இன்றும் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் அவற்றிலிருந்தே புதிதாக அச்சடித்தும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் பழைய அச்சகம் ஏதாவது இருந்தால், அங்கே மிஞ்சியிருக்கும் பிளாக்குகளை எடைக்குப் போகவிடாதீர்கள். துடைத்து, மை தடவி, ஒரு தாளில் அழுத்திப் பாருங்கள். எந்த ஊர், எந்த அச்சகம் என்று அந்தத் தாளிலேயே குறித்து, பக்கத்து நூலகத்தில் கட்டையோடு சேர்த்துக் கொடுத்து வையுங்கள்.