எலும்புக்குள் ஓடும் குருதி: இடுப்பு அறுவை வரலாற்றில் ஒரு பக்கம்

மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்குக் கிடங்குகளைக் கடக்கும்போதெல்லாம் சுமைதூக்கும் தொழிலாளரின் நடையைக் கவனிப்பேன். அவர்தம் பிழைப்பே இடுப்பு மூட்டின்மீது நிற்கிறது. அம்மூட்டினுள் பந்துபோல் சுழலும் தொடையெலும்புத் தலைக்குக் குருதி வரும் வழியோ மிகக் குறுகியது.

ஸ்பானிய உள்நாட்டுப் போரால் நாடிழந்து ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய கத்தலோனிய மருத்துவர் ட்ருயேட்டா, ஹாரிசனுடன் இணைந்து 1953இல் அவ்வழியை விளக்கினார். தொடையை உட்புறமாகச் சுற்றிப் பின்னே செல்லும் தமனியின் மெல்லிய கிளைகளே எலும்பின் கழுத்தையொட்டி ஏறித் தலையின் பெரும்பகுதியைப் பேணுகின்றன. கழுத்து முறிந்தால் அவையும் அறுபடலாம். அப்போது தலை உயிரிழந்து, நாளடைவில் சரிந்து நொறுங்கும்.

முதியவருக்குச் செயற்கை மூட்டு நல்ல தீர்வு. முப்பது வயது உழைப்பாளிக்கோ அது தேய்ந்து மறு அறுவையைக் கோரும். குந்தியமர்வதையும் சம்மணமிடுவதையும் கட்டுப்படுத்தும். நம் நாட்டில் முறிவு நேர்ந்து வாரங்கள் கழிந்தபின் மருத்துவரை நாடுவோரும் பலர்.

இத்தகையோரின் கூடாத முறிவுகளுக்கே கொல்கத்தாவின் டி. பி. பக்சி, தசையோடு ஒட்டிய எலும்புத் துண்டைப் பொருத்தினார். பிரான்சில் ஜூடே 1962இல் முன்வைத்து, அமெரிக்காவில் மேயர்ஸ் வளர்த்த முறை அது. தொடையின் பின்புறச் சதுரத் தசையை அறுத்தெடுக்காமல், அது பற்றியிருக்கும் எலும்புத் துண்டோடு திருப்பி முறிவின்மீது பதிப்பர். துண்டு தன் குருதியையும் உடன்கொண்டு வரும். பக்சியின் கட்டுரை 1986இல் வெளிவந்தது.

அடுத்த திருப்பம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நிகழ்ந்தது. மூட்டைக் கழற்றினால் தலை மடிந்துவிடும் என்ற அச்சம் அறுவை மருத்துவரிடையே நெடுங்காலம் நிலவியது. கோத்தியேயும் கான்ட்ஸும் பிறரும் அத்தமனியின் பாதையைப் பிரேதங்களில் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டனர். வெளிப்புற அடைப்புத் தசை என்னும் சிறுதசையை வெட்டாது விட்டால், மூட்டு கழலும்போது அதுவே தமனிக்குக் காவலாகும் என்று கண்டனர். 2001இல் கான்ட்ஸ் குழுவினர், ஏழாண்டுகளில் இவ்வாறு திறந்த 213 இடுப்புகளில் ஒன்றில்கூடத் தலை மடியவில்லை என அறிவித்தனர்.

பக்சி இழந்த குருதியை மீட்க முயன்றார்; கான்ட்ஸ் இருப்பதை இழக்காதிருக்க வழி கண்டார். இரண்டுக்கும் அடிப்படை, ஒரு மெல்லிய தமனியின் பாதையைப் பொறுமையாகத் தேடியறிந்த உழைப்பே. நமக்கோ எளிய பாடம் ஒன்றுண்டு: விழுந்தபின் இடுப்பு வலித்துக் காலூன்ற இயலாதவரை, எண்ணெய் தடவிக் காத்திராமல் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மூட்டைச் சுமந்து வாழும் இளையவருக்கு அந்த ஒரு நாளும் விலைமதிப்புடையது.