பிலடெல்பியாவில் உள்ள மதுரைக் கோயில் மண்டபம்

பிலடெல்பியா மதுரை மண்டபம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள கருங்கல் தூண் மண்டபம் ஆகும். இதன் கற்கள் மதுரை மதனகோபால சுவாமி கோயில் வளாகத்திலிருந்து பெறப்பட்டவை. இவை கி.பி. 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்படுகின்றன.

அமெரிக்கப் பயணிகள்

தமிழர் பகுதிகளில் தொடக்கத்தில் வந்து தங்கிய அமெரிக்கர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள் கிறித்தவ மதப் பணியாளர்கள். அமெரிக்க மிசன் 1816 இல் யாழ்ப்பாணத்திலும் 1834 இல் மதுரையிலும் பணியைத் தொடங்கியது. 1869 இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்டு, தொடர்வண்டிப் பாதைகளும் பரவிய பின்னர், பழமையான நாடுகளைக் காணும் நோக்கில் செல்வந்தர்களும் வரலாயினர்.

அவர்களுள் ஒருவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த அடலைன் பெப்பர் கிப்சன். 1912 இல் மதுரைக்கு வந்த இவர், கோயில் வளாகத்தில் குவியலாகக் கிடந்த சிற்பக் கற்களை விலைக்கு வாங்கிக் கப்பல் மூலம் தம் ஊருக்கு அனுப்பினார். அவை 60 க்கும் மேற்பட்டவை. பயணிகள் சிறு சிலைகளை நினைவுப் பொருளாகக் கொண்டு செல்வதுண்டு. மண்டபத்தையே கொண்டு சென்றது அரிது. முதல் உலகப் போரை ஒட்டி பிரான்சில் மருத்துவமனைப் பணியில் இருந்தபோது 1919 இல் அவர் இறந்தார். அதே ஆண்டில் அவருடைய குடும்பத்தினர் கற்களை அவரது நினைவாக அருங்காட்சியகத்திற்கு வழங்கினர்.

ஆய்வு

கற்களின் பின்னணியை சமசுகிருத அறிஞர் நார்மன் பிரவுன் ஆராய்ந்தார். மண்டபம் பற்றிய அவரது நூல் 1940 இல் வெளிவந்தது. தூண்களில் கருடன், அனுமன் முதலிய உருவங்களும், மேற்பகுதியில் இராமாயணக் காட்சிகளும் உள்ளன. இன்று காணப்படும் அமைப்பு அருங்காட்சியகத்தார் உருவாக்கியதே; மதுரையில் இருந்த மண்டபத்தின் நேர்ப்படி அன்று. ஆகவே, இதைக் கொண்டு நாயக்கர் காலக் கட்டட அமைப்பை முடிவு செய்தல் பொருந்தாது. தனித்தனிச் சிற்பங்களே நம்பத்தகுந்த சான்றுகள். இக்காட்சிக்கூடம் புதுப்பிக்கப்பட்டு 2016 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

உரிமை

இந்தியாவில் தொல்பொருள் ஏற்றுமதிக்கெனத் தனிச் சட்டம் 1947 இல் இயற்றப்பட்டது. அதனினும் விரிவான சட்டம் 1972 இல் வந்தது. இவ்விரண்டும் கிப்சன் வாங்கிய பின்னரே வந்தமையால், பிற்காலச் சிலைக் கடத்தல்களுடன் இதனை ஒன்றாக எண்ண இயலாது. எனினும், கோயிலுக்கு உரிய கற்களை விற்கும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்வி சட்டம் வந்த ஆண்டைக் கொண்டு மட்டும் தீர்வதன்று.

மதனகோபால சுவாமி கோயில் மதுரை மேலமாசி வீதியில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.