சட்டையையும் தோற்றவர்

நோயாளரின் பாதுகாவலரான புனித கமில்லஸை நாம் அறிவோம். சூதாடியான கமில்லஸை அவ்வளவாக அறியோம். சூது அவருக்குத் தந்தை வழிச் சொத்து. 1571-இல், காலில் ஆறாத புண்ணோடு உரோமையின் புனித யாகப்பர் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தார். சீட்டாட்டம் அவரை வெளியேற்றியது. மீண்டும் படைவீரரானார். 1574-இல் நேப்பிள்ஸ் நகரில் கையிருப்பையும் வாளையும், கடைசியாக உடுத்திய சட்டையையும் பந்தயத்தில் இழந்தார். அப்போது வயது 24.

பிறகு மான்பிரதோனியாவில் கையேந்தி நின்றார். துறவியாவதாக முன்பே நேர்ந்துகொண்டவர்தாம். அந்த நேர்ச்சை சூதைத் தடுக்கவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். கப்புச்சின் மடத்துக் கட்டட வேலையில் கிடைத்த அன்றாடக் கூலியே அவரை முதலில் தாங்கியது என நமக்குத் தோன்றுகிறது. மனமாற்றம் 1575 பிப்ரவரியில்தான் வந்தது. விலக்கிய மருத்துவமனைக்கே திரும்பினார்; பின்னர் அதன் நிர்வாகியானார். கால் புண் மட்டும் 1614-இல் இறக்கும்வரை ஆறவில்லை.